கஃபார் பாய் படிக்காத தாள்கள்

ஸ்ரீரங்கன் வக்கீல் ஆபீஸில் இருக்கிற ஜெராக்ஸ் மெஷின், எடுக்கிற ஒவ்வொரு தாளையும் வயிற்றுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறதாம். சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் மனு எழுதுகிற ஒருவர் இப்படிச் சொன்னாராம். அவர் சொன்னதை எதிரில் டீ போடுகிறவர் கேட்டாராம். டீ போடுகிறவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, மயிலாப்பூர் ஆபீஸில் அதை இறக்கி வைத்தவள் ஜூனியர் வக்கீல் ஸ்ரீரஞ்சனி.

"பாய், ஒங்க மெஷின் ஊரெல்லாம் பேசிண்டிருக்காமே?"

அப்துல் கஃபார் மெஷினின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரு சொன்னா மேடம்?"

"டீக்கடைல."

"டீக்கடைக்கு யாரு சொன்னா?"

"அதெல்லாம் கேக்கல பாய். எல்லாரும் சொல்றா."

எல்லாரும் என்றால் அதில் யார் யார் என்று கஃபார் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். முதலில் அகப்பட்டவள் ஸ்ரீரஞ்சனியேதான். ஆறு மாதமாகப் புது மெஷின் வேண்டும், புது மெஷின் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். கதையை டீக்கடையிலிருந்து கொண்டு வந்தாளா, இல்லை டீக்கடைக்குக் கொண்டுபோனதே அவள்தானா?

கஃபாருக்கு ஐம்பத்தாறு வயது. திருவல்லிக்கேணியில், பெரிய மசூதிக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி வீடு. தினமும் பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலையில் இறங்கி, குளத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்பதேகாலுக்கு ஆபீஸைத் திறப்பார். இருபத்துமூன்று வருஷமாக அவர் கையில்தான் சாவி. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் தமிழும் இங்கிலீஷும் தடையில்லாமல் படிப்பார், கொஞ்சம் உருதும் வரும். இவ்வளவு படிக்கத் தெரிந்த மனிதர், ஆபீஸில் ஒரு தாளைக்கூடப் படிக்க மாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி அந்தத் தெருவில் எல்லோரும் சொல்கிற விஷயம்.

முதல் நாளே ஸ்ரீரங்கன் சொல்லியிருந்தார். "கஃபார், இங்கே வர்ற பேப்பர் அத்தனையும் யாரோ ஒருத்தர் ஆத்து அந்தரங்கம். எடு, குடு, மறந்துடு."

கஃபார் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். மறப்பதற்குக்கூட எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். தாளை வாங்கும்போதே கவிழ்த்து வாங்குவார். கண்ணாடியில் கவிழ்த்து வைப்பார். வெளியே வருகிற நகலை எழுத்து மங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஒரு துணிக்கடைக்காரர் நூல் எண்ணிக்கையைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. எத்தனையோ உயில், எத்தனையோ விவாகரத்து அவர் கைவழியாகப் போயிருக்கிறது. யாருக்கு என்ன கிடைத்தது, யார் யாரை விட்டுப் போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. கட்சிக்காரர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள்: "பாய்கிட்ட குடுக்கிறதும் சுவத்துக்கிட்ட குடுக்கிறதும் ஒண்ணு."

மெஷினும் அவரைப் போலத்தான், வயதானது, பழக்கம் விடாதது. பத்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு ஓட்டினால், முதலில் வருகிற தாளில் இடது ஓரமாகக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருங்கோடு விழும். இரண்டாவது தாளிலிருந்து சுத்தமாக இருக்கும். அதனால் மூன்று நகல் கேட்டால் கஃபாரின் விரல் தானாக நான்கை அழுத்தும். கோடு விழுந்த முதல் காப்பியைத் தூக்கிப் போடுகிற வழக்கம் அவரிடம் இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே! மத்தியானம் சாப்பிட்ட பிறகு, கட்டரில் வைத்து அவற்றைக் குறுக்கே நாலு நாலாக வெட்டி ரப்பர் பேண்ட் போடுவார். ஒரு கட்டு டெலிபோன் பக்கத்தில் வைப்பதற்கு. மிச்சம் வீட்டுக்கு. வீட்டில் அவர் மனைவி நஸ்ருன்னிசா தையல் தைக்கிறாள், அளவு குறித்துக்கொள்ள அவளுக்கு அது உதவும்.

"தாராளமா எடுத்துண்டு போ," என்று ஸ்ரீரங்கன் எந்தக் காலத்திலோ சொன்னதுதான். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்த வதந்தி கிளம்புவதற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒரு சமரசப் பேச்சு. அடையாறு காந்தி நகரில் ஒரு வீடு, அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை. ஸ்ரீரங்கன் தம்பிக்கு வக்கீல். தம்பிக்கு இங்கிலீஷ் ஓடாது என்பதால், பேச்சுவார்த்தைக்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும், எதை விடக் கூடாது என்று ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு தயார் செய்து கொடுத்திருந்தார்கள். அதன் கடைசி வரி: எதுவுமே நடக்காவிட்டால், மாடிப் போர்ஷனை விட்டுக்கொடுத்துவிடலாம்.

மேஜையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் தரப்பு வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாராம்: "மாடியைக் குடுத்துடறதா முடிவு பண்ணிட்டேளே, அதை இப்பவே சொல்லிட்டா எல்லாரும் நேரத்தோட சாப்பிடப் போகலாம்."

ஸ்ரீரங்கன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆபீஸுக்குத் திரும்பி வந்து, நாற்காலியில் சாய்ந்து, அரை மணி நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் குறிப்பு எத்தனை பேர் கையில் போயிற்று என்று விசாரித்தார். அவர் வாயால் சொல்ல ஸ்ரீரஞ்சனி அடித்தாள், கஃபார் நகல் எடுத்தார், கட்சிக்காரர் வாங்கிப் போனார். கட்சிக்காரரோ தன் மனைவியிடம்கூடக் காட்டவில்லை என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவர் ஸ்ரீரங்கன்.

அன்றிலிருந்து ஆபீஸில் எல்லோரும் எல்லோரிடமும் ஒரு சுற்று அதிக மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். ஸ்ரீரஞ்சனி தன் மேஜை டிராயரைப் பூட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள். கஃபார் அதைக் கவனித்தார். அவர் கவனித்ததை அவள் கவனித்தாள். இந்த நிலைமையில்தான் மெஷின் பேசுகிறது என்ற கதை வந்தது. உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் அதில் ஒரு நிம்மதிதான். மனுஷனைச் சந்தேகப்படுவதைவிட மெஷினைச் சந்தேகப்படுவது சுலபம்.

"மாத்திடலாம்," என்றார் ஸ்ரீரங்கன். "பழசு போகட்டும். என்ன மெஷின் வேணும், எங்கே வைக்கறது, யார் பாத்துக்கறது, எல்லாத்தையும் ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிண்டு வாங்கோ."

கஃபார் தன் பட்டியலை இரண்டு கால்தாள்களில் எழுதிக்கொண்டு வந்தார். லீகல் சைஸ் தாள் போக வேண்டும். மேலே கண்ணாடி இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய பத்திரங்களை இழுத்துக்கொள்கிற வாயில் விட்டால் அப்பளமாக நொறுங்கிவிடும். கரண்ட் போய் வந்தால் முதலிலிருந்து சூடேறிக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் காப்பியே சுத்தமாக வர வேண்டும். இப்போது இருக்கிற இடத்தில் ஏசித் தண்ணீர் சொட்டுகிறது, அதனால் அலமாரிப் பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். அங்கே பெரிய பிளக் பாயிண்ட் கிடையாது, எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

ஸ்ரீரங்கன் படித்துப் பார்த்தார். "பேஷ். இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை." தாளைத் திருப்பிப் பார்க்காமல் ஃபைலில் வைத்தார்.

ஸ்ரீரஞ்சனியின் பட்டியல் போனில் இருந்தது. போனிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம், ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பலாம், வேலை முடிந்ததும் மெஷினே எல்லாவற்றையும் அழித்துவிடும். "முக்கியமா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டு சார். நம்பர் போட்டாதான் மெஷின் ஓடும். யார், எப்போ, எத்தனை எடுத்தான்னு பதிவாயிடும். அந்த நம்பரையெல்லாம் குடுக்கறதும் மாத்தறதும் ஒருத்தர் கையில இருக்கும்."

"யார் கையில?" என்று கேட்டது கஃபார்.

ஸ்ரீரங்கன் ஃபைலைக் கட்டி ஓரமாக வைத்தார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் ஸ்ரீரங்கன்.

அன்று சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் கஃபார் வெளியே பார்க்கவில்லை. அப்புறம் என்ற அந்த ஒரு வார்த்தையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று வருஷத்தில் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒரு நாளாவது அப்புறம் பார்த்ததுண்டா? அந்த நம்பர் தன்னிடம் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஜூனியர்கள் தங்கள் தாளைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். அவர் டீ வாங்கி வருவார். அதுகூடப் பரவாயில்லை. தாளைக் கவிழ்த்து வாங்கிய மனிதனை அவர்கள் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

அப்படியானால் வேறு யாரோ செய்திருக்க வேண்டும். யார் என்று கண்டுபிடிக்கிற வேலை தன்னுடையது என்று கஃபாருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை புகழேந்தி வந்தான். மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆள், சைதாப்பேட்டைக்காரன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். புது மெஷின் வைக்கிற இடத்தை அளந்துகொண்டு போக அனுப்பியிருந்தார்கள். உள்ளே வரும்போதே சத்தம்.

"இன்னா பாய், கெழவிக்கு ரிட்டயர்மெண்டாமே?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லிக்கினு கீது."

"ஊருன்னா?"

"இன்னா பாய், கோர்ட்டு மாதிரி கேக்கற? கம்பெனில சொல்லிதானே அனுப்புனாங்க. டேப்பை இப்டி புடி."

கஃபார் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தார். கண் மட்டும் புகழேந்தியின் பைமேல் இருந்தது. பையில் லேப்டாப். போன மாதம் இதே ஆள் வந்து, மெஷினில் ஒயரை மாட்டி, லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தானே! எந்தத் தேதி? அடையாறுக் குறிப்பு எடுத்ததற்கு மறுநாளா, முந்தின நாளா?

"போன தடவை ஒயர் மாட்டினியே, இன்னா எடுத்த?"

"ரீடிங். எத்தினி காப்பி ஓடிகீதுன்னு பாக்கறது."

"வேற ஒண்ணும் எடுக்கல?"

புகழேந்தி சிரித்தான். "இதுல எடுக்க இன்னா கீது? டிஸ்க்கே கெடையாது பாய் இதுல. அந்தக் காலத்து வண்டி. எடுக்கும், துப்பும், மறந்துடும். எங்க வூட்ல இருக்கற மாதிரி, எட்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதை ஞாபகம் வெச்சிக்கினு சண்டைக்கு வராது."

கஃபார் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் இருக்கிறது என்கிறது, இவன் மட்டும் இல்லை என்கிறான். இல்லை என்று இவ்வளவு வேகமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இவனுக்கு என்ன?

புகழேந்தி சுவரோரம் குந்தி உட்கார்ந்து பிளக் பாயிண்டைப் பார்த்தான். எழுந்திருக்கும்போது, கட்டர் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த தாள்கள் அவன் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றிலும் கருங்கோடு.

"பாய், இந்த மொதோ காப்பியெல்லாம் இன்னா பண்றே?"

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான் கேட்டேன். நாளைக்கு இருவது முப்பது தாள் போவும் போல கீதே. அதுல கட்சிக்காரங்க மேட்டர்லாம் இருக்கும்ல?"

"இருக்கும். அதனால ஒனக்கு இன்னா?"

"அட, ஒண்ணும் இல்ல, நீ இன்னாத்துக்குக் கோச்சிக்கற!" என்று புகழேந்தி டேப்பைச் சுருட்டிக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று, "எங்க கம்பெனில ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா போதும், வூட்டுக்கு அனுப்பிடறாங்க. நல்லா எழுதிக் குடு பாய்," என்று சொல்லி, சர்வீஸ் சீட்டை நீட்டினான். கஃபார் கையெழுத்து மட்டும் போட்டார். நல்ல வார்த்தை ஒன்றும் எழுதவில்லை.

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி அவரை விடவில்லை. முதல் காப்பியைப் பற்றி இருபத்துமூன்று வருஷத்தில் யாருமே கேட்டதில்லை. இவன் மட்டும் ஏன் கேட்டான்? அதில் கட்சிக்காரர் விஷயம் இருக்கும் என்று இவனுக்கு ஏன் தோன்றியது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு இரண்டரை மணிக்கு ஆபீஸுக்கு வந்தவர், நேராக ஸ்ரீரங்கனின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். அவர் அந்தக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"சார், ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்."

சொன்னார். ஒயர், லேப்டாப், டிஸ்க் இல்லை என்ற பேச்சு, முதல் காப்பியைப் பற்றிய விசாரணை. சொல்லச் சொல்ல அவருக்கே அது மேலும் மேலும் நிஜமாகிக்கொண்டு வந்தது. அண்ணன் தரப்பு வக்கீல் ஆபீஸுக்கும் அதே கம்பெனிதான் சர்வீஸ் என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தையும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இத்தனை வருஷத்துல நீ ஒருத்தரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. நீ சொல்றேன்னா சரியாத்தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனசுக்குள்ள நான்கூட என்னென்னவோ நெனச்சுண்டுட்டேன் கஃபார். மன்னிச்சுக்கோ."

கஃபார் மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"புது மெஷின் வந்ததும் அந்த நம்பர் சமாசாரம் உன்கிட்டதான். ரஞ்சனிகிட்ட சொல்லிடறேன்."

சனிக்கிழமை மத்தியானம் புகார்க் கடிதம் தயாராயிற்று. கம்பெனி முதலாளிக்கு நன்றாக உறைக்கட்டும் என்று ஸ்ரீரங்கன் தமிழிலேயே சொல்ல, ஸ்ரீரஞ்சனி அடித்தாள். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. கஃபார் அதையும் கவிழ்த்து வாங்கி, மூன்று நகல் கேட்டதற்கு நான்கு எடுத்தார். ஸ்ரீரஞ்சனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஸாரி பாய்."

"எதுக்கு மேடம்?"

"டிராயரைப் பூட்டிண்டு போனேனே, அதுக்கு."

"நானும் ஒங்களைத்தான் மொதல்ல நெனச்சேன் மேடம்," என்றார் கஃபார். இரண்டு பேரும் ஒரு மாதத்துக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனார். பையில் ஜாங்கிரி டப்பாவுக்குக் கீழே வழக்கம்போல ஒரு கட்டு கால்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சந்தில் யாரோ பிரியாணிக்கு வெங்காயம் வதக்குகிற வாசனை. முன்னறையில் நஸ்ருன்னிசா கீழே துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணாடியின் கை உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. அளவுச் சீட்டுகள் தையல் மெஷின்மேல் ஊசிடப்பாவின் கீழே இருந்தன.

"இன்னாங்க, மேல இருக்கற சீட்டைக் கொஞ்சம் படிங்களேன். காலைல அந்த டீச்சரம்மா வந்து குடுத்துட்டுப் போன அளவு."

கஃபார் சீட்டை எடுத்தார். "மார்பு முப்பத்தாறு. தோள் பதினாலரை. கை ஒம்பது. முன்கழுத்து ஏழு."

"பின்கழுத்து?"

"இல்லியே."

"பின்னாடி எழுதியிருப்பேன், திருப்பிப் பாருங்க."

திருப்பினார். பின்கழுத்து அளவு அங்கே இல்லை. இடது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருங்கோடு இருந்தது. அதை ஒட்டி அச்செழுத்து. கஃபாரின் கண் வழக்கம்போல எழுத்து மங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தது. மங்கவில்லை. நன்றாகப் படிக்க முடிந்தது.

தங்கள் ஊழியர் திரு. புகழேந்தி, எங்கள் அலுவலகத்தின் ரகசியத் தாள்களை வெளியாருக்குக் கொடுத்து வந்திருப்பதாக நாங்கள் உறுதியாக நம்புவதால், அவரை உடனடியாகப் பணியிலிருந்து…

அதற்குமேல் கட்டர் வெட்டியிருந்தது.

"இன்னாங்க, பின்கழுத்து எவ்ளோ?"

கஃபார் ஊசிடப்பாவை நகர்த்தி, மிச்சச் சீட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றில் யாருடைய உயிலோ. ஒன்றில் யாரோ ஒரு பெண் தன் கணவனைப் பற்றி எழுதியது. இருபத்துமூன்று வருஷமாகப் படிக்காததையெல்லாம் ஒரே மூச்சில் படிக்கிற மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது.

"நஸ்ரு, இந்தச் சீட்டெல்லாம் அப்புறம் எங்க போவும்?"

"எங்க போவும், ப்ளவுஸோட குத்தித்தான் குடுப்பேன். அடுத்த தடவை அளவு மாறினா அவங்களே பாத்துச் சொல்லலாம்ல. ஒங்களுக்குத் தெரியாதா, எத்தினி வருசமா குடுக்கறேன்."

தெரியும். தினமும் கண்ணால் பார்த்ததுதான்.

"அடையாறுல யாருக்கு தெக்கறே?"

"ரெண்டு மூணு பேரு கீறாங்க. இந்திரா நகர்ல ஒருத்தங்க, அப்புறம் காந்தி நகர் அம்மா."

"காந்தி நகர்ல எந்த வூடு?"

"மஞ்ச கேட்டு போட்ட வூடு. அந்தம்மாவோட வூட்டுக்காரருக்கும் அவரு தம்பிக்கும் வூட்டுத் தகராறாமே, கேஸெல்லாம் நடக்குதாம். பாவம், நல்ல மாதிரி." நஸ்ருன்னிசா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன், இன்னா ஆச்சு?"

"எத்தினி தடவை தெச்சுக் குடுத்தே?"

"ரெண்டு மாசத்துல நாலு தடவை. அதுக்கு முன்னாடி வருசத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசு. ஒங்க வூட்டுக்காரர் எந்த வக்கீல்கிட்ட வேலை பாக்கறாருன்னு ஒரு தடவை கேட்டுச்சு, சொன்னேன். அதுலேர்ந்து ஒரே பிரியம்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "போன மாசம் சொல்லிச்சு, சீட்டை இப்டி துண்டு துண்டா வெட்டி வெக்காதீங்க, முழுப் பேப்பரா வெச்சா பாக்க அழகா இருக்கும்னு."

கஃபார் கையிலிருந்த சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார்.

"நீ இன்னா பண்ணே?"

"நீங்கதான் வெட்டிக் கொண்டாறீங்களே, முழுசுக்கு எங்க போறது? ஒரே கட்டுல இருந்து நாலு சீட்டைச் சேத்துக் குத்திக் குடுத்தேன். சந்தோசமா வாங்கிக்கினாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாலு சீட்டு. ஒரே கட்டுக்குள்ளிருந்து எடுத்தால் ஒரே தாளின் நாலு துண்டுகள்தான். அவரே வெட்டி, அவரே வரிசை மாறாமல் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டது.

நஸ்ருன்னிசா சீட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்தைப் படித்தாள். மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. படித்து முடித்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இந்தப் புகழேந்தி… அன்னிக்கு மழைல உங்களை வண்டில கொண்டாந்து வுட்டுதே, அந்தப் புள்ளையா?"

"ஆமா."

"அது ஒண்ணும் பண்ணலியா?"

"டிஸ்க்கே இல்லன்னு சொன்னான். மொதோ காப்பிய இன்னா பண்றேன்னு கேட்டான். கேட்ட ஒரே ஆளு அவன்தான்." கஃபார் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத மெஷின் மை. "அதைத்தான் நான் போயி சார்கிட்ட அவன் மேல தப்பா சொல்லிக் குடுத்தேன்."

பிறகு நஸ்ருன்னிசா சீட்டுகளைச் சேர்த்து ஒரு பைக்குள் போட்டாள். எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இதோட நிறுத்திக்கலாங்க. நாளைலேர்ந்து நான் நோட்டு வாங்கிக்கறேன். அந்தம்மாகிட்ட வேலை இல்லன்னு சொல்லிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மைதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் காந்தி நகர் அம்மா வாய் திறக்க மாட்டாள். பழைய மெஷின் போய்விடும், கோடு விழுகிற முதல் காப்பியும் அதோடு போய்விடும். புது மெஷினின் நம்பர் அவர் கையில். ஊருக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது, அதை நம்ப எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

"அந்தப் பையனுக்கு நாளைக்குக் காலைல வேலை போயிடும் நஸ்ரு."

"நீங்க சொன்னா உங்களுக்குப் போயிடும்."

"ஆமா."

"நேத்துதானே ஜாங்கிரி வாங்கிக்கினு வந்தீங்க," என்றாள் அவள். பையை அடுப்பில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கஃபார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஸ்ரீரங்கன் ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் கோயிலிலிருந்து திரும்பியிருப்பார். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். போன் உள்ளே சார்ஜில் இருக்கும். யாராவது எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். என்ன சொல்லி ஆரம்பிப்பது? சார், மெஷின் பேசல சார், பேசினது நான்தான் சார். மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சரியாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மூன்று நகலுக்கு நான்கை அழுத்துகிற அந்த விரலால் நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது. நஸ்ருன்னிசா சமையலறை வாசலிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். இரண்டாவது தடவை அடித்தது. சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. கஃபார் மற்றொரு காதைப் பொத்திக்கொண்டார். மூன்று, நான்கு. இப்போது வைத்துவிட்டால்கூட, சும்மா தவறுதலாகக் கை பட்டுவிட்டது சார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்து. அவர் கட்டிலிலிருந்து எழுந்து, பெரியவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.